தானுந்து மோதல் சோதனையும் ஓட்டுநர் உரிமமும்

தானுந்து மோதல் சோதனை என்பது, கார் எனப் பரவலாக அழைக்கப்படும் தானுந்து ஒன்று விபத்துக்குள்ளாகும்போது அதனுள் இருப்போருக்கு எந்த அளவு பாதுகாப்புக் கிடைக்கும் என்பதை அறிவதற்காக, அவ்வண்டியை ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே மோதவிட்டு அளவிடும் முறை ஆகும். ஓட்டுநர் பயிற்சியும் உரிமம் வழங்கலும், ஓட்டுபவரின் திறனையும் நடத்தையையும் சீர்செய்து விபத்து நேராமல் தடுப்பதை நோக்கமாகக் கொண்டவை. முன்னது விபத்து நேர்ந்த பின் ஏற்படும் கேட்டைக் குறைக்கிறது. பின்னது விபத்தையே தவிர்க்க முயல்கிறது. சாலை உயிரிழப்புகளைக் குறைக்க இவ்விரண்டில் எதற்கு முதலிடம் தரவேண்டும் என்பது பல நாடுகளில் நெடுங்காலமாக நடைபெற்றுவரும் விவாதம் ஆகும்.

இந்தியாவில் இவ்விவாதம் பெரும் முக்கியத்துவம் உடையது. நடுவண் சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022 ஆம் ஆண்டில் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இது மணிக்கு 19 பேர் என்ற கணக்காகும். அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு 64,105 விபத்துகளுடன் முதலிடத்திலும், உயிரிழப்பில் 17,884 பேருடன் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடத்திலும் இருந்தது.

உளுந்தூர்பேட்டைச் சாலைகள்

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள உளுந்தூர்பேட்டை, சென்னையிலிருந்து ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவில் அமைந்த சாலைச் சந்திப்பு நகரம் ஆகும். சென்னையிலிருந்து விழுப்புரம் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலை (இப்பகுதியில் தேசிய நெடுஞ்சாலை 38, பழைய எண் 45) இந்நகரை ஒட்டிச் செல்கிறது. சேலம் நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 79 (பழைய எண் 68) இங்கிருந்து பிரிகிறது. தென் மாவட்டங்களுக்கும் மேற்கு மாவட்டங்களுக்கும் செல்லும் பேருந்துகள், சரக்குந்துகள், தானுந்துகள் ஆகியவை இச்சந்திப்பைக் கடந்தே செல்லவேண்டியுள்ளது. சென்னையிலிருந்து முன்னிரவில் புறப்படும் வண்டிகள், ஓட்டுநருக்கு உறக்கம் மிகும் நள்ளிரவுக்குப் பிந்திய நேரத்தில் இப்பகுதியைக் கடக்கின்றன.

இச்சாலைகளில் நிகழும் விபத்துகள், மேற்கூறிய விவாதத்தின் பல கூறுகளை ஒருங்கே காட்டுகின்றன. உளுந்தூர்பேட்டைச் சட்டமன்றத் தொகுதியை உள்ளடக்கிய விழுப்புரம் மக்களவைத் தொகுதியின் உறுப்பினராக இருந்த எஸ். ராஜேந்திரன், 2019 பிப்ரவரி 23 அன்று, திண்டிவனம் அருகே அவர் சென்ற தானுந்து சாலையின் நடுத்தடுப்பில் மோதியதில் உயிரிழந்தார். 2024 செப்டம்பர் 25 அன்று உளுந்தூர்பேட்டையை அடுத்த மேட்டத்தூர் அருகே, திருச்செந்தூர் சென்று திரும்பிக்கொண்டிருந்த வேன் ஒன்று விபத்துக்குள்ளானதில் 6 பேர் உயிரிழந்தனர்.

சேலம் சாலையில் வேறொரு சிக்கல் இருந்தது. இச்சாலை நான்கு வழிச்சாலையாக மாற்றப்பட்டபோது கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி முதலிய ஊர்களின் புறவழிச்சாலைகள் இருவழியாகவே அமைக்கப்பட்டன. நடுத்தடுப்புள்ள அகன்ற சாலையில் விரைந்து வரும் ஓட்டுநர், எதிரே வண்டிகள் வரும் குறுகிய சாலைக்குள் திடீரென நுழைய வேண்டியிருந்தது. இதனால் நேருக்கு நேர் மோதல்கள் மிகுந்தன. பின்னர் இப்பகுதிகளை அகலப்படுத்தும் திட்டம் மேற்கொள்ளப்பட்டது.

மோதல் சோதனையின் வரலாறு

தடுப்புச் சுவரில் தானுந்தை மோதவிடும் சோதனையை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1934 இல் நடத்தியது. 1959 இல் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கிய மூன்று முனை இருக்கைப் பட்டை, இன்றும் சீட் பெல்ட் என அனைத்து நாடுகளிலும் பயன்படுகிறது. அக்காலத்தில் விபத்துகளுக்கு ஓட்டுநரின் தவறே காரணம் என்ற கருத்து மேலோங்கி இருந்தது. 1965 இல் அமெரிக்க வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் எழுதிய நூல், வண்டியின் வடிவமைப்பும் உயிரிழப்புக்குக் காரணமாகிறது என்பதைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் வண்டிப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

அமெரிக்க அரசு 1979 இல் புதிய தானுந்துகளை மோதவிட்டு அவற்றின் முடிவுகளை வெளியிடத் தொடங்கியது. ஐரோப்பாவில் யூரோ என்கேப் அமைப்பு தனது முதல் முடிவுகளை 1997 இல் வெளியிட்டது. சட்டம் கோரும் குறைந்த அளவைத் தாண்டி, வாங்குவோர் ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க விண்மீன் தரக்குறியீடு வந்தபின், தயாரிப்பாளர்கள் தாமாகவே வடிவமைப்பை மேம்படுத்த முற்பட்டனர்.

சோதனை நடைபெறும் முறை

பரவலாகப் பின்பற்றப்படும் முன்பக்க மோதல் சோதனையில், தானுந்து மணிக்கு 64 கி.மீ. வேகத்தில், நசுங்கக்கூடிய அலுமினியத் தடுப்பு ஒன்றின் மீது மோதவிடப்படுகிறது. வண்டியின் முன்பக்க அகலத்தில் 40 விழுக்காடு மட்டுமே தடுப்பில் படும். எதிரே வரும் வண்டியின் ஒரு பக்கத்தில் மோதும் நிலையை இது ஒத்திருக்கும். இருக்கைகளில் மனித உருவப் பொம்மைகள் அமர்த்தப்பட்டு, தலை, கழுத்து, மார்பு, தொடை ஆகியவற்றின் மீது விழும் விசை உணரிகளால் பதிவுசெய்யப்படும். பக்கவாட்டு மோதல், கம்பத்தில் மோதல் ஆகியவையும் தனியே சோதிக்கப்படுகின்றன.

நல்ல வடிவமைப்பில் முன்பகுதி படிப்படியாக நசுங்கி இயக்க ஆற்றலை உள்வாங்கிக்கொள்ளும். பயணிகள் அமரும் அறை உருக்குலையாமல் நிற்கும். இருக்கைப் பட்டை உடலை இருக்கையோடு பிணைத்து வைக்கும். காற்றுப்பை, தலை முன்னே சென்று கடினமான பகுதிகளில் மோதாமல் காக்கும். பட்டை அணியாதவருக்குக் காற்றுப்பையால் முழுப் பயன் கிடைக்காது.

இச்சோதனை ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மட்டுமே உரியது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். எனவே மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டியின் ஆற்றல், 64 கி.மீ. வேகத்தில் இருப்பதைப் போல ஏறத்தாழ 2.4 மடங்காகும். நின்றுகொண்டிருக்கும் சரக்குந்தின் பின்புறத்தில் தானுந்து மோதி அதன் அடியில் புகுந்துவிடும் நிலையும் இச்சோதனையில் இடம்பெறுவதில்லை.

இந்தியாவில் மோதல் சோதனை

2014 சனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் அப்போது விற்பனையில் இருந்த ஐந்து சிறிய தானுந்துகளின் சோதனை முடிவுகளை வெளியிட்டது. மாருதி ஆல்ட்டோ 800, டாட்டா நானோ, ஃபோர்டு ஃபிகோ, ஹூண்டாய் ஐ10, ஃபோக்ஸ்வாகன் போலோ ஆகியவற்றின் காற்றுப்பை இல்லாத வகைகள் அனைத்தும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு விண்மீனும் பெறவில்லை. இம்முடிவுகள் நாடெங்கும் விவாதிக்கப்பட்டன. 2018 இல் டாட்டா நெக்சான், இந்தியாவில் தயாரிக்கப்பட்ட தானுந்துகளுள் ஐந்து விண்மீன் பெற்ற முதலாவது வண்டியானது.

இதற்கிடையே சட்டமும் மாறியது. அதன் முதன்மையான கட்டங்கள் பின்வருமாறு:

- 2017 அக்டோபர் 1: புதிதாக அறிமுகமாகும் தானுந்து வகைகளுக்கு முன்பக்க, பக்கவாட்டு மோதல் சோதனைகள் கட்டாயமாயின. முன்பக்கச் சோதனையின் வேகம் மணிக்கு 56 கி.மீ. ஆகும்.
- 2019 சூலை 1: ஓட்டுநருக்கான காற்றுப்பை, இருக்கைப் பட்டை நினைவூட்டி, வேக எச்சரிக்கை ஒலி ஆகியன கட்டாயமாயின.
- 2019 அக்டோபர் 1: மோதல் சோதனை விதி, ஏற்கெனவே விற்பனையில் இருந்த வகைகளுக்கும் விரிவாக்கப்பட்டது.
- 2023 அக்டோபர் 1: பாரத் என்கேப் எனும் இந்திய விண்மீன் தரக்குறியீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

பாரத் என்கேப் திட்டத்தில் தயாரிப்பாளர்கள் தாமே முன்வந்து சேரலாம். சேர்வது கட்டாயம் அன்று. மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்படாத தானுந்துகளே இதில் அடங்கும். ஓட்டுநர் நீங்கலாக எட்டுப் பேருக்கு மேல் அமரும் வேன்களும் பேருந்துகளும் இதில் அடங்கா. திருத்தலப் பயணங்களுக்கு அமர்த்தப்படும் வேன்களுள் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை.

தமிழ்நாட்டில் காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடத்தில் அமைந்துள்ள உலகளாவிய தானுந்து ஆராய்ச்சி மையத்தில் மோதல் சோதனைக்கான ஆய்வுக்கூடம் உள்ளது. புனே, மானேசர் ஆகிய இடங்களிலும் இத்தகைய மையங்கள் செயற்படுகின்றன.

ஓட்டுநர் பயிற்சியும் உரிமமும்

இந்தியாவில் ஓட்டுநர் உரிமம் 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்படியும், 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படியும் வழங்கப்படுகிறது. விண்ணப்பிப்பவர் முதலில் சாலைக் குறியீடுகள், விதிகள் பற்றிய தேர்வில் 60 விழுக்காடு மதிப்பெண் பெற்றுப் பழகுநர் உரிமம் பெறவேண்டும். தமிழ்நாட்டில் இது எல்.எல்.ஆர். என்றே அழைக்கப்படுகிறது. இது ஆறு மாதங்களுக்குச் செல்லும். முப்பது நாட்கள் கழிந்தபின் மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னிலையில் வண்டியை ஓட்டிக்காட்டித் தேர்ச்சி பெற்றால் நிலையான உரிமம் வழங்கப்படும். இருசக்கர வண்டிக்கு "எட்டுப் போடுதல்" இத்தேர்வின் அடையாளமாகவே மக்களிடம் விளங்குகிறது.

எட்டுப் போடுதல், பின்னோக்கி ஓட்டுதல் போன்றவை குறைந்த வேகத்தில் வண்டியைக் கையாளும் திறனை அளக்கின்றன. நெடுஞ்சாலையில் முந்திச் செல்லும் முடிவு, இரவில் எதிர்வண்டியின் விளக்கொளியில் ஓட்டுதல், நின்றிருக்கும் சரக்குந்தைத் தொலைவிலேயே உணர்தல், களைப்பை அறிந்து வண்டியை நிறுத்துதல் ஆகியவற்றை அவை அளப்பதில்லை. உளுந்தூர்பேட்டை போன்ற இடங்களில் ஓட்டுநருக்குத் தேவைப்படுபவை இத்திறன்களே ஆகும்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளுக்கான விதிகள், சொந்தப் பயன்பாட்டு வண்டிகளுக்கு 21 நாட்களுக்குக் குறையாத பயிற்சியும் அதில் 10 மணி நேரம் வண்டி ஓட்டுதலும் வேண்டும் எனக் கூறுகின்றன. போக்குவரத்து வண்டிகளுக்கு இது 30 நாட்கள், 15 மணி நேரம் ஆகும். 2021 சூலை முதல் அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி இலகுரக வண்டிக்கு நான்கு வாரங்களில் 29 மணி நேரமும், கனரக வண்டிக்கு ஆறு வாரங்களில் 38 மணி நேரமும் பயிற்சி தரப்பட வேண்டும். இம்மையங்களில் தேறியோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மீண்டும் ஓட்டிக்காட்ட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் கனரக வண்டி ஓட்டுநர்களுக்குப் பயிற்சி தருவதில் இரு நிறுவனங்கள் குறிப்பிடத்தக்கவை. சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் பயிற்சிப் பள்ளியை நடத்திவருகிறது. நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நிறுவனம், மாநில அரசுடன் இணைந்து 1995 இல் பயிற்சி நிலையத்தை ஏற்படுத்தியது.

போக்குவரத்து வண்டி ஓட்டுநர்களுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி 2019 இல் நீக்கப்பட்டது. இலகுரக வண்டி உரிமம் உடையவர், மொத்த எடை 7,500 கிலோகிராமுக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டிகளையும் ஓட்டலாம் என 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது.

பயிற்சியின் பயன் பற்றிய ஆய்வுகள்

பயிற்சியைக் கூட்டினால் விபத்து குறையும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு ஆகும். ஆயினும் ஆய்வுகள் இதனை எளிதில் உறுதிசெய்யவில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிகால்ப் மாவட்டத்தில் 1970களின் இறுதியில் ஏறத்தாழ 16,000 மாணவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வில், விரிவான பயிற்சியின் பயன் உரிமம் பெற்ற முதல் சில மாதங்களுக்கு மட்டுமே காணப்பட்டது. நார்வேயில் 1979 இல் புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்கும் சாலையில் ஓட்டும் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. இளம் ஆண் ஓட்டுநர்களிடையே விபத்துகள் குறைவதற்கு மாறாகக் கூடியதாகப் பின்னர் கண்டறியப்பட்டது. கையாளும் திறன் கூடியபோது துணிச்சலும் உடன் கூடியதே இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது.

மாறாக, உரிமத்தைப் படிப்படியாக வழங்கும் முறை நல்ல பயனைத் தந்துள்ளது. நியூசிலாந்து 1987 இல் இம்முறையைக் கொண்டுவந்தது. இதில் புதிய ஓட்டுநர் தொடக்க காலத்தில் இரவில் தனியே ஓட்டுதல், இளம் நண்பர்களை ஏற்றிச் செல்லுதல் ஆகியன தடைசெய்யப்படும். விபத்தின்றி அனுபவம் பெற்ற பின்னரே முழு உரிமம் கிடைக்கும். அமெரிக்க மாநிலங்களும் 1990களின் நடுப்பகுதியிலிருந்து இம்முறையைப் பின்பற்றின. பிரித்தானியா 2002 இல், நிகழ்படங்களைக் காட்டி இடரை முன்கூட்டியே உணரும் திறனை அளக்கும் தேர்வை உரிமத் தேர்வுடன் சேர்த்தது. இந்தியாவில் பழகுநர் உரிமத்துக்கும் முழு உரிமத்துக்கும் இடையே இத்தகைய இடைநிலைக் கட்டம் இல்லை.

இரு தரப்பு வாதங்கள்

வண்டியின் பாதுகாப்புக்கு முதலிடம் தரவேண்டும் என்போர், மனிதர் தவறிழைப்பதை முற்றிலும் நிறுத்த இயலாது என்பர். ஒருமுறை வண்டியில் அமைக்கப்பட்ட காற்றுப்பை, ஓட்டுநர் களைத்திருந்தாலும் கவனம் சிதறியிருந்தாலும் தன் பணியைச் செய்யும். தவறு நேர்ந்தாலும் உயிர் போகாத வகையில் வண்டியும் சாலையும் அமைய வேண்டும் என்பது 1997 இல் சுவீடன் நாடாளுமன்றம் ஏற்ற கொள்கையின் அடிப்படை ஆகும்.

ஓட்டுநருக்கு முதலிடம் தரவேண்டும் என்போர், புதிய வண்டிகள் மட்டுமே சோதனையின் பயனைப் பெறுகின்றன என்றும், பழைய வண்டிகள் பல ஆண்டுகள் சாலையில் இருக்கும் என்றும் சுட்டிக்காட்டுவர். மேலும், பாதுகாப்பான வண்டியும் தவறாகப் பயன்படுத்தப்பட்டால் காக்காது. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராட்டிரத்தின் பால்கர் அருகே நிகழ்ந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். அவர் சென்றது உயர்ந்த பாதுகாப்புத் தரம் பெற்ற தானுந்து ஆகும். பின் இருக்கையில் இருந்த அவர் இருக்கைப் பட்டை அணிந்திருக்கவில்லை எனக் காவல்துறை தெரிவித்தது. பின் இருக்கையினரும் பட்டை அணிய வேண்டும் என்ற விதி அப்போதே நடைமுறையில் இருந்தது.

இந்தியாவில் விபத்துக்குள்ளாகும் வண்டிகளின் ஓட்டுநர்களுள் பெரும்பான்மையோர் செல்லத்தக்க உரிமம் உடையவர்களே என்பதை அரசின் ஆண்டறிக்கைகள் காட்டுகின்றன. அதே அறிக்கைகள் மிகை வேகத்தையே உயிரிழப்பின் முதற்காரணமாகப் பதிவுசெய்கின்றன. 2022 இல் 71.2 விழுக்காட்டு உயிரிழப்புகள் மிகை வேகத்தின்கீழ்ப் பதிவாயின. ஆகவே உரிமம் உள்ளதா என்பதைவிட, அவ்வுரிமம் எதனைச் சோதித்து வழங்கப்பட்டது என்பதும், அதன்பின் வேகம் எவ்வாறு கண்காணிக்கப்படுகிறது என்பதும் முக்கியமாகின்றன.

தானுந்துக்கு வெளியே இருப்போர்

இவ்விவாதத்தில் எளிதில் மறக்கப்படுவது உயிரிழப்போர் யார் என்பதாகும். 2022 இல் இந்தியாவில் சாலையில் உயிரிழந்தோர் விகிதம் வருமாறு:

- இருசக்கர வண்டியில் சென்றோர்: 44.5 விழுக்காடு
- நடந்து சென்றோர்: 19.5 விழுக்காடு
- தானுந்து, வாடகைத் தானுந்து, இலகுரக வண்டிகளில் சென்றோர்: 12.5 விழுக்காடு

தானுந்தின் உள்ளே இருப்போருக்கான விண்மீன்கள், இறப்போருள் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கினரையே நேரடியாகக் காக்க வல்லவை. நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து வயலுக்கோ பேருந்து நிறுத்தத்துக்கோ செல்லும் கிராமத்தவருக்கும், தலைக்கவசமின்றிச் செல்லும் இருசக்கர வண்டியினருக்கும் அவற்றால் பயன் குறைவு. இவர்களைப் பொறுத்தவரை, எதிரே வரும் வண்டியின் வேகமும் அதன் ஓட்டுநரின் கவனமுமே உயிரைத் தீர்மானிக்கின்றன.

இவர்களுக்கான தொழில்நுட்ப முயற்சிகளும் உள்ளன. 125 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளில், தடுக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தவிர்க்கும் அமைப்பு, புதிய வகைகளுக்கு 2018 ஏப்ரல் முதலும் ஏனையவற்றுக்கு 2019 ஏப்ரல் முதலும் கட்டாயமாயிற்று. தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையை அடுத்து, 2015 சூலை 1 முதல் ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிவது கட்டாயமாக நடைமுறைப்படுத்தப்பட்டது.

நீதிமன்றமும் அரசும்

கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் எஸ். இராஜசேகரன், சாலைப் பாதுகாப்பு குறித்து 2012 இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். இவ்வழக்கில் 2014 ஏப்ரலில் நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். இராதாகிருட்டிணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. 2017 நவம்பர் 30 அன்று வழங்கிய தீர்ப்பில் மாநிலங்களுக்குப் பல கட்டளைகளைப் பிறப்பித்தது. 2019 இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு, உரிமமின்றி ஓட்டுவதற்கான தண்டத்தொகை 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சிறார் வண்டி ஓட்டி விபத்து நேர்ந்தால் பெற்றோரும் வண்டி உரிமையாளரும் பொறுப்பாவர் என்ற பிரிவும் சேர்க்கப்பட்டது.

விபத்துக்குப் பிந்திய மருத்துவமும் உயிரிழப்பைக் குறைக்கும் ஒரு கூறாகும். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தின்படி, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரத்துக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. உளுந்தூர்பேட்டைப் பகுதியில் காயமுற்றோருக்கு விழுப்புரம் மாவட்டம் முண்டியம்பாக்கத்திலும், 2022 சனவரியில் திறந்துவைக்கப்பட்ட கள்ளக்குறிச்சியிலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் அருகில் உள்ளன.

மதிப்பீடு

அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹாடன் 1970 அளவில் வகுத்த அட்டவணை, விபத்தை முன், போது, பின் என மூன்று கட்டங்களாகவும், மனிதர், வண்டி, சூழல் என மூன்று கூறுகளாகவும் பிரிக்கிறது. அதன்படி நோக்கினால், உரிமமும் பயிற்சியும் விபத்துக்கு முந்திய கட்டத்தில் மனிதரையும், மோதல் சோதனை விபத்து நேரும் கட்டத்தில் வண்டியையும் சார்ந்தவை. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது. வண்டிக்கான தரம் சட்டத்தால் விரைவில் உயர்த்தத்தக்கது. இந்தியாவில் 2014 க்குப் பின் பத்தாண்டுகளுக்குள் அது நிகழ்ந்தது. உரிமத் தேர்வின் உள்ளடக்கம் அதே அளவு மாறவில்லை. இருவழிப் புறவழிச்சாலையில் எதிரெதிரே வரும் வண்டிகளைப் பிரிக்கும் நடுத்தடுப்பு, வண்டியின் தரத்தையோ ஓட்டுநரின் திறனையோ சாராமல் நேருக்கு நேர் மோதலைத் தடுக்கிறது என்பதால், சாலையின் அமைப்பும் இவ்விரண்டோடு சேர்த்து எண்ணப்பட வேண்டிய மூன்றாவது கூறாகும்.